வெளுத்த கற்கள்

சலவைக்கடைக்காரியிடம் யாரும் நல்லவர் வேஷம் போட முடியாது. சட்டைப் பையில் கிடப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். வெளியூர் போகவே இல்லை என்று மனைவியிடம் சாதித்தவரின் பேன்ட்டில் ரயில் டிக்கெட் இருக்கும். சிகரெட்டை விட்டாயிற்று என்று சத்தியம் செய்தவரின் கோட்டு மடிப்பிலிருந்து புகையிலைத் தூள் உதிரும். ஊரார் அழுக்கைத் துவைத்துத் துவைத்து எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. அது ஒரு குறை என்று என் தம்பி சொல்வான். குறையோ நிறையோ, இதுவரை என்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் கடைக்கு உயிர் எதுவென்றால் பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள்தான். தெருக்காரர்களின் சட்டை துணிமணியை மட்டும் நம்பினால் இஸ்திரிப்பெட்டிக்கான கரண்டுக்கே கட்டுப்படியாகாது. அந்த மருத்துவமனையின் துணிக்கிடங்குக்காரர் ஒருநாள் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்.

"புது வருஷத்துலேர்ந்து இலைச் சான்று இருக்கிற கடைக்கு மட்டும்தான் துணி போடுவோம்மா. மேலிடத்து முடிவு. என்கிட்ட கேக்காதீங்க."

இலைச் சான்று என்பது கடை வாசலில் மாட்டும் ஒரு சிறிய பலகை. பச்சை இலை ஒன்று வரைந்திருக்கும். தண்ணீரைக் கெடுக்காமல், கரண்டை வீணாக்காமல், கண்ட மருந்தையும் கொட்டாமல் தொழில் செய்கிறார்கள் என்று பார்த்து, சோதித்து, கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் சலவைக்கடைக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அந்தக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் சிரிப்புக்காரர். எதிரே வந்தால் சிரிப்பார், விலையைக் குறைத்து என் வாடிக்கையைக் கொத்திக்கொண்டு போன அன்றும் சிரித்தார். நாங்களும் ஏன் சான்று வாங்கவில்லை என்று விசாரித்து, வேண்டுமானால் உதவுவதாக வேறு சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பம் போட்டதும் சோதிக்க ஒரு பெண் வந்தாள். நான் அவளுக்கு இலை மேடம் என்று பெயர் வைத்தேன். தோளில் ஒரு பை, அதில் கண்ணாடிப் புட்டிகள், குடிப்பதற்குச் சொந்தத் தண்ணீர். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றாள். புதுப் போர்வை ஒன்றை மடித்து எடுத்து வந்தேன், அதைப் பார்க்கக்கூட இல்லை. வாங்குகிற ஆள் என்றால் எவ்வளவு தூரம் போவார் என்று கணக்குப் போடலாம். எதையும் வாங்காத ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு அவளிடம் அன்றே நம்பிக்கை போய்விட்டது.

அவள் இயந்திரங்களைப் பார்த்தாள், சோப்புத்தூளை முகர்ந்தாள், கடை மூலையிலிருந்த பிளீச் கேனைக் காலால் தட்டினாள்.

"இது இனிமே கூடாதும்மா. இந்தக் கேனை அப்புறப்படுத்திடுங்க. துவைச்ச தண்ணி நேரா சாக்கடைக்குப் போறதும் கூடாது. பின்னாடி ஒரு தொட்டி கட்டணும்."

தொட்டிக்குப் படம் போட்டுக் கொடுத்தாள். மூன்று அறை. முதல் அறையில் பஞ்சும் மண்ணும் தங்கிவிடும். நடு அறையில் கூழாங்கல் நிரப்பி, அடியிலிருந்து காற்றைக் குமிழ் குமிழாக விட வேண்டும். கடைசி அறையில் தண்ணீர் தெளிந்து வெளியே போகும். நானும் தம்பியும் அவள் இரண்டு பக்கமும் நின்று கேட்டோம்.

"நடு அறையில இருக்கிற கல்லுமேல பழுப்பா, வழவழன்னு ஒண்ணு படியும். கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அது. சோப்பு, எண்ணெய், ரத்தக்கறை எல்லாத்தையும் அதுதான் தின்னு தீர்க்கும். அதை மட்டும் தொட்டுடாதீங்க. வளர விடுங்க."

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வண்டியில் துணி கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். தொட்டி கட்டச் சொல்கிறாள், பிளீச் கேனை ஒழிக்கச் சொல்கிறாள் என்று மட்டும் சொன்னேன். எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. தேவையானதை மட்டும் சொன்னால் போதும் என்பது என் கட்சி.

"முக்கால் கேன் இருக்கே. காசு குடுத்து வாங்கினதாச்சே," என்று அவர் கேனைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்," என்றேன். மறுநாள் கேன் மூலையில் இல்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. எறும்பை மிதித்தால் நின்று வருத்தப்படுகிற ஆள். கோபமே வராது. கறை என்றால் மட்டும் பொறுக்காது. ஒரு சட்டையில் மைக்கறை இருந்தால் அது போகிற வரை சாப்பாட்டை மறந்துவிடுவார். வேறு வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அவர்கள் குழாயடியில் பாசி இருந்தால் செங்கல் துண்டெடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். அந்த மனுஷனோடு வெளியே போக எனக்குக் கூச்சமாக இருக்கும்.

தொட்டி கட்டி முடிந்ததும் தம்பி அதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். என்னைவிட ரொம்ப இளையவன், கடையிலேயே வளர்ந்தவன், கல்யாணம் ஆகாதவன், காலையில் வந்ததும் முதல் வேலையாக நடு அறை மூடியைத் திறந்து பார்ப்பான். சீக்கிரம் கற்கள்மேல் வழவழப்பு பிடித்தது. சளி மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மச்சான் இது, இப்படி நாறப் போட்டிருக்கே?"

"அது அப்படித்தான் மாமா இருக்கணும். விடுங்க."

வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். சோம்பேறிப் பையன்கள் சொல்கிற சமாதானம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்னிடம் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. ஆனால் என் மனம் தெளியவில்லை. ஒரு மாலை தெருமுனை டீக்கடையில் தம்பியும் சிரிப்புக்காரரும் தோளோடு தோள் உரச நின்று பேசுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தம்பி டம்ளரைக் கீழே வைத்தான். சிரிப்புக்காரர் வழக்கம்போல் சிரித்தார்.

"அவர்கிட்ட உனக்கு என்னடா பேச்சு?"

"சும்மாக்கா. அவருக்கும் தொட்டி இருக்குல்ல. ஒரு சந்தேகம் கேட்டேன்."

"அவர் எதுக்குடா நமக்குச் சொல்லித் தரணும்? நமக்குச் சான்று கிடைச்சா மருத்துவமனைத் துணி நம்மகிட்டயே நிக்கும். கிடைக்கலைன்னா அவ்வளவும் அவருக்கு. இது கூடவா புரியலை?"

"எல்லாரையும் அப்படியே பாக்காதக்கா."

மடியில் கனம் இல்லாதவன் டம்ளரை ஏன் கீழே வைத்தான்? அன்றிலிருந்து அவன் போன் பேசினால் காதை அந்தப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டேன். விடுமுறை நாளில் எங்கே போகிறாய் என்று கேட்டேன். முன்பெல்லாம் கேட்டதில்லை. அவனும் முன்பெல்லாம் இப்படி மழுப்பியதில்லை.

இலை மேடம் தண்ணீரைச் சோதிக்க வரும் நாள் நெருங்கியது. அதற்கு முந்தைய நாள் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னேன்.

"கடையில ஒரு தூசு இருக்கக்கூடாது. மூலை முடுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும். அவ எங்க விரலை வெச்சாலும் அழுக்கு ஒட்டக்கூடாது."

அன்று தம்பிக்கு விடுமுறை. நான் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன், இயந்திரங்களின் இடுக்கில் குச்சியில் துணி சுற்றிவிட்டு எடுத்தேன். பின்கட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் வாளியோடு போனார்.

மறுநாள் இலை மேடம் வந்தபோது தம்பி இன்னும் வரவில்லை, வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் நேராகப் பின்கட்டுக்குப் போனாள். கடைசி அறையிலிருந்து புட்டியில் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கலங்கல், மேலே நுரை. நடு அறை மூடியைத் திறந்து ஒரு கல்லை எடுத்தாள். பால் பல் மாதிரி வெள்ளையாக இருந்தது. என் முகத்துக்கு நேரே நீட்டினாள். குப்பென்று மூக்கில் ஏறியது.

"யாரோ பிளீச் ஊத்தியிருக்காங்கம்மா. உயிர் எல்லாம் செத்துப்போச்சு. இப்ப நான் சான்று குடுக்க முடியாது. தெரிஞ்சு பண்ணினாங்களா, தெரியாம பண்ணினாங்களான்னு நீங்கதான் விசாரிக்கணும். இன்னொரு தடவை வருவேன். அதுதான் கடைசி."

தெரியாமல் யார் செய்வார்கள்? பிளீச் என்ன, மழையா, தானாகப் பெய்ய? பின்கட்டுக் கதவுக்குச் சாவி இரண்டு. ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று தம்பியிடம். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். பிளீச் என்ற பேச்சு என் வாயிலிருந்து வராமல் இருக்கட்டும், அது யார் வாயிலிருந்து முதலில் வருகிறதோ அவன்தான் ஆள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து கேட்டார். "தண்ணி சரியில்லைன்னு சொல்லிட்டா," என்றேன்.

"சரியில்லையா? நேத்துகூடப் பாத்தேனே, தொட்டி பளிச்சுன்னு இருந்துச்சே!"

"ஆமா, உங்களுக்கு எல்லாமே பளிச்சுன்னுதான் தெரியும்," என்று அவரை அடுத்த நடைக்கு அனுப்பிவைத்தேன். பாவம், மருத்துவமனைத் துணி போய்விடுமே என்று முகம் சுண்டிப் போனார்.

அப்புறம்தான் தம்பி வந்தான். கையில் ஒரு துணிப்பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அது சிரிப்புக்காரர் கடைப் பை, அவர் பெயர் அச்சடித்திருந்தது. அவனிடமும் அதையே சொன்னேன். தண்ணீர் சரியில்லையாம். அவன் பின்கட்டுக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அக்கா, கல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கு! யாரோ பிளீச் ஊத்திட்டாங்கக்கா!"

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷமா, தம்பியாகப் போய்விட்டானே என்ற வயிற்றெரிச்சலா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பிளீச்னு நான் சொன்னேனா?"

"என்னது?"

"தண்ணி சரியில்லைன்னுதானே சொன்னேன். பிளீச்னு உனக்கு யார் சொன்னா?"

"மூக்கு இருக்குக்கா எனக்கு. கல்லைப் பாத்தா தெரியாதா? தினமும் நான்தானே பாக்குறேன்."

"தினமும் பாக்கிறவனுக்குத்தான் எப்படிக் கெடுக்கணும்னும் தெரியும். சாவி உன்கிட்ட. நேத்து விடுமுறை உனக்கு. எங்கடா போனே?"

என் கண் அவன் கையிலிருந்த பையில் இருந்தது. அவன் கண்ணும் அங்கே போயிற்று.

"அவர் கடைக்குத்தான் போனேன்," என்றான் மெல்ல. "ஆனா நீ நினைக்கிறதுக்கு இல்லை."

"எவ்வளவு குடுத்தான்டா அந்த ஆளு? சோறு போட்ட கடையை விக்க எவ்வளவு வாங்கினே?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது தெரிந்தது. ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய உதடு சின்ன வயதில் அடிவாங்கினால் கோணுமே, அப்படிக் கோணியது. இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி இஸ்திரி மேசையில் வைத்தான், பையையும் அதன் பக்கத்தில் வைத்தான், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வழவழவென்று, நாற்றமாக, கையில் பட்டது. அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

மதியம் வீட்டுக்காரர் வந்து, மச்சான் எங்கே என்றார். துரோகம் செய்துவிட்டான், இனி அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்றேன்.

"அவனா? அவன் அப்படிப் பண்றவன் இல்லையேம்மா. என்ன பண்ணினான்?"

"நீங்க பேசாம இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் பேசாமல் இருந்தார். சொன்னபடி கேட்பதுதான் அவரிடமுள்ள நல்ல குணம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த வாரமே தம்பி சிரிப்புக்காரர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பார்த்தீர்களா, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இயந்திரங்களிடம் கேட்டேன். பின்கட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். இஸ்திரி மேசையைப் பின் ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடியே துணி தேய்த்தேன். சுவர் மேல் பூனை நடந்தால்கூட யார் வீட்டுப் பூனை என்று பார்த்தேன். தொட்டி வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

கல்லில் லேசாகப் பழுப்பு பிடிக்க ஆரம்பித்தது. எனக்கு மூச்சு வந்தது. தம்பி போனதும் தொட்டி தேறுகிறதே, நான் நினைத்தது சரிதானே என்று தைரியமும் வந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அவனுடைய தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிடுவேன். பிறகு யாரும் பார்க்காதபடி அலமாரியில் திரும்ப வைப்பேன்.

கடைசித் தடவைக்கு முந்தைய நாள் நான் மருத்துவமனைக்குப் போனேன். சான்று ஒன்றிரண்டு வாரம் தள்ளி வந்தாலும் துணியை நிறுத்திவிடாதீர்கள் என்று கிடங்குக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் கையை விரித்தார். சான்று இல்லாவிட்டால் வேறு கடை, வேறு கடை என்றால் சிரிப்புக்காரர் கடை. வருகிற வழியெல்லாம் இயந்திரங்களை யாருக்கு விற்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் இலை மேடம் நடு அறை மூடியைத் திறந்தாள். எனக்கு எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். கற்கள் பளீரென்று வெளுத்துக் கிடந்தன. அதே நெடி.

"பூட்டு மாத்தினேன்!" என்று கத்தினேன். "புதுப் பூட்டு! சாவி எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கு! சுவரேறிக் குதிச்சிருக்கான் மேடம், வேற வழியே இல்லை!"

இலை மேடம் என் கத்தலுக்குக் காது கொடுக்கவில்லை. வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"தொட்டியை யார் சார் பாத்துக்கிறது?"

"நான்தான் மேடம்." அவர் ஒரு அடி முன்னால் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "முன்னாடி மச்சான் பாத்துக்கிட்டான். சின்னப் பையன், சளி மாதிரி பிடிச்சதை அப்படியே விட்டு வெச்சிருந்தான். நீங்க வர்ற நேரத்துல அதைப் பாத்தா என்ன நினைப்பீங்க? போன தடவையும் நான்தான் ஒவ்வொரு கல்லா எடுத்துத் தேய்ச்சேன். சோப்புக்குப் போகலை. பழைய பிளீச் மிச்சம் இருந்துச்சு, ஒழிக்கணும்னு இவ சொன்னா, வீணா எதுக்குக் கொட்டணும்னு அதுலயே ஊறப் போட்டு எடுத்தேன். நேத்தோட கேனும் காலி. பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?"

காற்றுக் குழாய் செத்த கற்களுக்கு நடுவே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சலவைக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிளீச் என்ற ஒரு வார்த்தையை அன்றே அவரிடம் சொல்லியிருந்தால், "அட, நான்தான்மா" என்று அப்போதே சொல்லியிருப்பார். அந்த வார்த்தையைப் பூட்டி வைத்தவள் நான். பூட்டி வைத்து, நாற்றத்தை நாற்றம் என்று சொன்னவனைத் திருடன் என்று துரத்தினேன்.

இலை மேடம் அவரைத் திட்டவில்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் வழவழப்பு என்றால் என்ன என்று சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாவு பூசியது மாதிரி ஆனது. "அப்ப நான்தானா?" என்றார். "மச்சான் இல்லையா? அதுக்காகவா அவனை...?" என்று என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரியாம நடந்ததுங்கறதால மாசக் கடைசி வரைக்கும் நேரம் தர்றேன்," என்றாள் இலை மேடம். "இதை நல்லாக் கழுவி, பிளீச் போனதும், உயிரோட இருக்கிற தொட்டியிலேர்ந்து ஒரு வாளிக் கல்லு எடுத்துட்டு வந்து போடுங்க. சீக்கிரம் பிடிச்சுக்கும். பக்கத்துத் தெருவிலேயே இருக்கே. போன தடவை உங்க தம்பி அங்கேர்ந்துதான் ஒரு பை கல்லு வாங்கிட்டு வந்தாராமே? நம்ம தொட்டி இன்னும் திடமா ஆகணும், அக்காவுக்குத் தெரிஞ்சா அந்தக் கடைக் கல்லு வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து பயந்து கேட்டாராம். அந்தக் கடைக்காரர் சொன்னார். அதை என்ன பண்ணினீங்க?"

என் கண் குப்பைத்தொட்டிப் பக்கம் போயிற்று.

அப்புறம் கொண்டுவந்து போட்ட கல்லில் உயிர் பிடித்தது, இலைப் பலகை வந்தது, மருத்துவமனை வண்டி இன்றும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தவிப்போடு கேட்பவர்களை இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது. ஆனால் எனக்குத் தினமும் நினைவுக்கு வருவது பலகை வந்த நாள் இல்லை. வாளியோடு போன நாள்தான்.

சிரிப்புக்காரர் கடை வாசலில் நான் வாளியோடு நின்றபோது அவர் அப்போதும் சிரித்தார். அது அவருடைய முகவெட்டு, அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. "கல்லுதானேம்மா, எடுத்துக்கோங்க. தம்பி பின்னாடிதான் இருக்காப்ல," என்று வழிவிட்டார்.

தம்பி பின்கட்டில் பஞ்சு வடிகட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"உங்க மாமாதான்டா," என்றேன். "தொட்டி அழுக்கா இருக்குன்னு பிளீச்ல ஊறப் போட்டுத் தேய்ச்சிருக்கார். ரெண்டு தடவையும்."

அவன் வடிகட்டியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"பாவம் மாமா. திட்டாதக்கா அவரை."

"உன்னைத்தான்டா திட்டிட்டேன். நான் பேசினது தப்பு. வாடா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் சிரிப்பு நின்றது. "கல்லை எடுத்துட்டுப் போக்கா. நேரமாச்சுன்னா காஞ்சிடும்," என்று தொட்டி மூடியைத் திறந்தான். உள்ளே கற்கள் பழுப்பாக, கொழகொழவென்று, நல்ல உயிரோடு இருந்தன. நான் வாளியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"நீயே போடுடா. எனக்கு எது நல்ல கல்லுன்னு தெரியாது."

"நான் தொட மாட்டேன்க்கா."

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் அப்பவே போயிடுச்சு." அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "பயம்தான். நாளைக்கு இந்தக் கல்லும் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. முதல்ல யார் ஞாபகம் வரும் உனக்கு?"

இல்லைடா, உன் ஞாபகம் வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. அவன் காத்திருந்தான். நான் சொல்வேன் என்று உண்மையிலேயே காத்திருந்தான், அது அவன் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தலையை ஆட்டிக்கொண்டான்.

நானே முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். வாளி நிறைந்ததும் தூக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் கனமாக எதைத் தூக்கினாலும் ஓடிவந்து பிடுங்குவான். அன்றும் அவன் தோள் ஒருமுறை என் பக்கம் அசைந்தது. ஆனால் கை பின்னாலிருந்து வரவில்லை. நான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அந்தத் தெரு முடிந்து எங்கள் தெரு திரும்பும் இடத்தில் வாளியை இறக்கி வைத்தேன். கை வலிக்கிறது என்றுதான் இறக்கினேன். முன்னும் பின்னும் பார்த்தேன், யாரும் இல்லை. குனிந்து மேலே இருந்த ஒரு கல்லை எடுத்து முகர்ந்தேன். அது போதாமல் அடியிலிருந்தும் ஒன்றை எடுத்து முகர்ந்தேன். பிளீச் வாசனை இல்லை. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே, நடுத்தெருவில் நின்று அழுதேன்.